கலப்பை வெல்டிங்கில் தெறிக்கும் இரும்புத் துளிகள்: மிக் மெஷினில் குறைக்கும் வழி

ஆடி, ஆவணி மாதங்களில் கொட்டாம்பட்டி, மேலூர் பக்கம் எந்த வெல்டிங் பட்டறைக்குப் போனாலும் ஒன்பது கொத்துக் கலப்பையோ டிரெய்லர் கதவோ கேஜ் வீலோ வரிசையில் நிற்கும். மானாவாரி நிலத்தில் மழை விழுந்து ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். அந்த நாலு நாளில் கலப்பை பட்டறையில் கிடந்தால் பருவம் போய்விடும். அதனால்தான் டிராக்டர் வைத்திருப்பவர்கள் பலர் சிறிய மிக் மெஷின் ஒன்றை, பட்டறைக்காரர்கள் 'சி.ஓ.2 மெஷின்' என்று சொல்வதை, வீட்டிலேயே வாங்கி வைக்கிறார்கள். வாங்கிய முதல் வாரமே வரும் புகார் ஒன்றுதான்: 'ராடு வெல்டிங்கை விட அதிகமாகத் தெறிக்கிறது, அரை மணி வெல்டிங்குக்கு ஒரு மணி கிரைண்டர் ஓட்ட வேண்டியிருக்கிறது.'

தெறிப்பது மெஷினின் குணம் என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் செட்டிங்கில் எங்கோ தவறு இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். தெறிக்கும் ஒவ்வொரு துளியும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கம்பி. அது கண்ட இடத்தில் ஒட்டுவதுதான் பெரிய நஷ்டம். டிப்பர் டிரெய்லரின் ஹைட்ராலிக் ராடில் குரோம் பூச்சின் மேல் ஒரு துளி ஒட்டினால், ராடு உள்ளே போகும்போது அது ஆயில் சீலைக் கீறிவிடும். பிறகு எண்ணெய்க் கசிவு, சீல் மாற்றம் என்று செலவு நீளும். பி.டி.ஓ. தண்டின் பல், போல்ட் மரை, கிரீஸ் நிப்பிள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். வெல்டிங் தொடங்கும் முன் இவற்றை ஈரச் சாக்காலோ தகரத்தாலோ மூடிவிடுங்கள்.

துளி ஏன் தெறிக்கிறது? மெல்லிய தகடு, சட்டங்களில் நாம் செய்யும் வெல்டிங்கில் கம்பியின் நுனி உருகிய குழம்பைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது, நொடிக்கு ஐம்பது முதல் இருநூறு முறை வரை. தொடும் ஒவ்வொரு முறையும் கரண்ட் எகிறி, கம்பியின் கழுத்தை நெரித்து அறுக்கிறது. கரண்ட் அளவாக ஏறினால் துளி அமைதியாகக் குழம்பில் இறங்கும். திடீரென்று ஏறினால் ஃபியூஸ் போவது போல வெடிக்கும். அந்த வெடிப்புதான் தெறிப்பு.

சரிசெய்யும்போது காசு செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். முதலில் பார்க்க வேண்டியது போலாரிட்டி. இப்போது விற்கும் சிறிய மெஷின்கள் பலவற்றில் கேஸ் இல்லாமல் ஓடும் ஃபிளக்ஸ் கம்பியும் போடலாம், கேஸோடு ஓடும் சாதாரணக் கம்பியும் போடலாம். கேஸ் தேவையில்லாத ஃபிளக்ஸ் கம்பிக்குப் பெரும்பாலும் டார்ச் மைனஸில் இருக்க வேண்டும். செம்பு பூசிய சாதாரணக் கம்பிக்கு டார்ச் பிளஸ்ஸிலும் எர்த் மைனஸிலும் இருக்க வேண்டும். கேஸ் இல்லாக் கம்பிக்கென்று அமைத்து வந்த மெஷினில் சாதாரணக் கம்பியை மாட்டினால், வேறு எதைத் திருகினாலும் தெறிப்பு நிற்காது. மெஷினின் முன்பக்கத்திலோ கம்பி மாட்டும் மூடிக்குள்ளோ இருக்கும் இணைப்பை மாற்றினால் போதும், ஐந்து நிமிட வேலை.

அடுத்தது வோல்ட்டுக்கும் கம்பி வேகத்துக்கும் உள்ள பொருத்தம். முக்கால்வாசித் தெறிப்பு இங்கேதான் பிறக்கிறது என்பது என் கணிப்பு. 0.8 மி.மீ. கம்பி, முழு கார்பன் டை ஆக்சைடு கேஸ், 3 மி.மீ. தகடு என்றால் 18 முதல் 20 வோல்ட், 100 முதல் 130 ஆம்பியர் என்று தொடங்கலாம். 1.2 மி.மீ. கம்பியில் கலப்பைச் சட்டத்தைப் பற்றவைக்க 20 முதல் 22 வோல்ட், 150 முதல் 180 ஆம்பியர். இவை ஆரம்பப் புள்ளிதான். அதன் பிறகு வழிகாட்ட வேண்டியது உங்கள் காது. வேலைப் பொருளின் தடிமனிலேயே ஒரு கழிவுத் துண்டை எடுத்து, வோல்ட்டைத் தொடாமல் கம்பி வேகத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பாருங்கள். கம்பி குழம்பில் குத்தி, டார்ச்சைப் பின்னுக்குத் தள்ளி, பட்பட்டென்று பட்டாசு போல வெடித்தால் கம்பி அதிகம், வோல்ட் போதவில்லை. கம்பி நுனியில் பெரிய குண்டு கட்டித் தொங்கி, 'தொப் தொப்' என்று விழுந்து சிதறினால் வோல்ட் அதிகம், கம்பி போதவில்லை. எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிவது போல ஒரே சீராகச் சத்தம் வரும் இடம் ஒன்று இருக்கும். அந்த அளவை மெஷின் மேல் மார்க்கரில் எழுதி வையுங்கள். அடுத்த பருவத்தில் யாருக்கும் நினைவிருக்காது.

சில மெஷின்களில் 'இன்டக்டன்ஸ்' என்று ஒரு திருகு இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. மேலே சொன்ன கரண்ட் எவ்வளவு வேகமாக ஏற வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவது அதுதான். கூட்டினால் தெறிப்பு குறையும், குழம்பும் நன்றாகப் பரவும். மிக அதிகமாகக் கூட்டினால் கம்பி தடுமாறும். நடுவில் வைத்துத் தொடங்குங்கள்.

டார்ச்சைப் பிடிக்கும் விதமும் முக்கியம். டிப்பிலிருந்து வெளியே நீளும் கம்பி 10 முதல் 12 மி.மீ.க்குள் இருக்கட்டும். பார்வைக்கு வசதி என்று டார்ச்சைத் தூக்கினால் கம்பி நீண்டு, கேஸும் விலகும். சாய்வு 10, 15 டிகிரிக்கு மேல் வேண்டாம். டிப்பின் துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். லைனருக்குள் தூசி அடைத்தாலும், துருப்பிடித்த கம்பிச் சுருளை ஓட்டினாலும் கம்பி விட்டுவிட்டு வரும். அப்போது எந்தச் செட்டிங்கும் நிலைக்காது. வேலை முடிந்ததும் சுருளைக் கழற்றி பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

கரண்ட் விஷயத்தில் கிராமத்துக்கென்றே ஒரு தொல்லை உண்டு. லைன் கடைசியில் இருக்கும் தோட்டத்தில், பக்கத்துக் கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கியதும் வோல்ட் இறங்கும். அதோடு நீளமான மெல்லிய ஒயரையும் சேர்த்துக்கொள்கிறோம். மெஷின் 20 ஆம்பியர் இழுக்கும்போது 30 மீட்டர் நீளமுள்ள 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் மட்டும் ஏறக்குறைய 14 வோல்ட் வீணாகும், ஒயரும் சூடாகும். 4 சதுர மி.மீ. ஒயரில் இது 5 வோல்ட்தான். காலையில் நன்றாக ஓடிய செட்டிங் மாலையில் தெறித்தால் மெஷினைக் குறை சொல்லும் முன் வோல்ட்டை அளந்து பாருங்கள். இன்னொன்று: பம்புசெட்டுக்கான இலவச மின் இணைப்பிலிருந்து வெல்டிங்குக்குக் கரண்ட் எடுக்காதீர்கள். அனுமதித்த நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தினால் மின்சாரச் சட்டம் 2003-ன் 126-வது பிரிவின்படி கட்டணம் விதிக்க முடியும்.

எர்த் கிளாம்ப்பைப் பெயின்ட் மேலோ துரு மேலோ கடிக்க விடாதீர்கள். பளிச்சென்று தேய்த்த இரும்பில், வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். கலப்பையை டிராக்டரிலிருந்து கழற்றிவிட்டு வெல்டிங் செய்வதே நல்லது. முடியாவிட்டால் பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்பைக் கழற்றுங்கள். கரண்ட் பேரிங் வழியாகப் பாயும்படி எர்த் மாட்டினால் பேரிங்கின் உள்ளே பொரிந்து குழி விழும்.

கேஸ் பற்றிப் பலரும் கேட்பது: ஆர்கான் கலந்த கேஸுக்கு மாறலாமா? 80 பங்கு ஆர்கான், 20 பங்கு கார்பன் டை ஆக்சைடு கலவையில் தெறிப்பு கண்கூடாகக் குறையும், வோல்ட்டும் ஒன்றிரண்டு குறைவாக வைத்தால் போதும். ஆனால் விலை அதிகம். கலப்பைச் சட்டம், சேனல், ஆங்கிள் வேலைகளுக்கு முழு கார்பன் டை ஆக்சைடே போதும், ஆழமாகவும் ஊடுருவும். ஓரளவு தெறிப்பு அதில் இருக்கத்தான் செய்யும். டிரெய்லர் தகடு, கேட் போல அழகு பார்க்கும் மெல்லிய வேலை அதிகம் என்றால் மட்டும் கலவைக் கேஸ் கட்டுப்படியாகும். கேஸ் அளவு நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர். கூடுதலாகத் திறந்தால் கேஸ் சுழன்று காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆடிக்காற்றில் திறந்தவெளியில் வேலை செய்தால் கேஸ் நிற்கவே நிற்காது. காற்று வரும் பக்கம் தகரத் தடுப்பு வையுங்கள். அதற்காகக் கதவு சாத்திய அறைக்குள் போகாதீர்கள், புகையும் கேஸும் மூச்சை அடைக்கும். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். உள்ளே இருப்பது திரவம். ரெகுலேட்டரில் பனி படிந்து கேஸ் குறைந்தால் ஹீட்டர் உள்ள ரெகுலேட்டர் தேவை.

இவ்வளவும் சரியாக இருந்தும் தெறிக்கிறதா? இரும்பைப் பாருங்கள். வயலிலிருந்து வந்த கலப்பையில் மண், கிரீஸ், பழைய பெயின்ட், துரு எல்லாம் இருக்கும். சூட்டில் இவை ஆவியாகிக் குழம்பை வெடிக்க வைக்கின்றன. இணைப்பின் இருபுறமும் 25 மி.மீ. அகலத்துக்குக் கிரைண்டரில் வெள்ளையாகத் தேயுங்கள். பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்துத் துடைக்காதீர்கள். அவற்றில் சில குளோரின் சேர்ந்தவை, ஆர்க் ஒளியும் சூடும் பட்டால் கொடிய நச்சு வாயு உண்டாகும். ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சு 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். இரும்பு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும். அதனால் பூச்சோடு வெல்டிங் செய்தால் தெறிப்பு நிச்சயம், அந்தப் புகையால் இரவில் குளிர்க்காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது பட்டறை நம்பிக்கை மட்டுமே. பூச்சைத் தேய்த்து எடுங்கள், மூச்சுக் கவசம் போடுங்கள்.

இங்கே சொன்னதெல்லாம் சாதாரண எம்.எஸ். இரும்புக்கு. கலப்பைக் கொழு, ரோட்டாவேட்டர் கத்தி ஆகியவை கடினமான எஃகு. அவற்றை இதே கம்பியில் பற்றவைத்தால் பக்கத்திலேயே விரிசல் விடும். மாற்றுவதே நல்லது.

கடைசியாக ஆன்டி ஸ்பேட்டர் ஸ்பிரே. அது தெறிப்பைக் குறைக்காது, ஒட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளும். இணைப்பின் ஓரங்களில் லேசாக அடியுங்கள், இணைப்புக்குள் அடித்தால் வெல்டிங்கில் ஓட்டை விழும். சாக்பீஸ் தூளைத் தண்ணீரில் குழைத்துத் தடவி நன்றாகக் காயவிட்டாலும் ஓரளவு பலன் உண்டு. நாசிலுக்குள் சேரும் துளிகளை அவ்வப்போது தட்டி எடுங்கள். அடைத்தால் கேஸ் கோணலாகப் பாயும்.

வைக்கோல் போர், தென்னை நார், காய்ந்த மட்டை கிடக்கும் இடத்தில் வெல்டிங் வேண்டாம். துளிகள் பத்து மீட்டர் தூரம் வரை போய் விழும். நாருக்குள் விழுந்த துளி உடனே எரியாமல் உள்ளுக்குள் கனிந்துகொண்டிருக்கும். பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீரும் மணலும் வைத்துக்கொண்டு, மெஷினை நிறுத்திய பிறகும் குறைந்தது அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். கரண்ட் இணைப்பைத் துண்டிக்காமல் மெஷின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.