மாஜினியின் கசகசா

2025 பிப்ரவரியில் வந்த ஒரு செய்தியைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். ஆப்பிள்காரர்கள் தங்கள் ஐகிளவுடில் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டால் நம் படங்கள், குறிப்புகள் எல்லாவற்றுக்கும் சாவி நம்மிடம் மட்டும்தான் இருக்கும். ஆப்பிளே நினைத்தாலும் திறக்க முடியாது. அதைத் திறக்க வழி செய்து கொடு என்று பிரிட்டிஷ் அரசு ரகசியமாக உத்தரவு போட்டிருப்பதாகப் பத்திரிகைகளில் கசிந்தது. 2016இல் அவர்கள் இயற்றிய புலனாய்வு அதிகாரச் சட்டத்தின்படி, இப்படி ஓர் உத்தரவு வந்தால் ‘வந்தது’ என்றுகூட வாங்கியவர் வெளியே சொல்லக்கூடாது. அரசும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லாது. ஆப்பிள் என்ன செய்தது? பிப்ரவரி 21ஆம் தேதி பிரிட்டனில் அந்த வசதியையே எடுத்துவிட்டது. கடைக்குள் போலீஸ் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடாது, ஆனால் ஷட்டரை இறக்கலாம் இல்லையா, அந்த மாதிரி. பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிட்டது.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றால், இதே லண்டனில், இதே உள்துறை அமைச்சகம், 181 வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு விஷயத்தில் மாட்டிக்கொண்டு நாடே கைகொட்டிச் சிரித்தது. அன்று மாட்டிவிட்டது நம் சமையலறைச் சாமான் ஒன்று: கசகசா.

மாஜினியைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இத்தாலியின் விடுதலைக்காக ‘இளம் இத்தாலி’ என்ற ரகசிய அமைப்பைத் தொடங்கியவர். அந்த அமைப்பில் சேருகிறவர்கள் எடுத்துக்கொண்ட சபதத்தைப் பாரதி தமிழில் கவிதையாக்கியிருக்கிறார். பின்னாளில் புதுச்சேரியில் பிரிட்டிஷ் ரகசியப் போலீஸ் பாரதியின் வீட்டைச் சுற்றி வந்ததையும், மாஜினியின் கதையையும் சேர்த்துப் படித்தால் உறவுமுறை ஒன்று தெரியும்.

மாஜினி 1837இல் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். கையில் காசு இல்லை. தெருவில் இசைப்பெட்டி சுற்றிப் பிழைத்த இத்தாலியப் பையன்களுக்காக 1841இல் ஓர் இலவசப் பள்ளிக்கூடம் தொடங்கினார். மற்ற நேரமெல்லாம் கடிதம். ஐரோப்பா முழுக்க இருந்த நண்பர்களுக்கும் சதிகாரர்களுக்கும் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் நடத்தியது துப்பாக்கிப் புரட்சி என்பதைவிடத் தபால் புரட்சி என்று சொல்லலாம். நல்ல காலத்தில்தான் வந்திருந்தார். 1840இல் பிரிட்டனில் ஒரு பென்னித் தபால் வந்தது. அதற்கு முன்பு தூரத்துக்கும் தாளின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கட்டணம். உறை போட்டால் அதுவும் இன்னொரு தாள். அதனால் கடிதத்தையே மடித்து அரக்கு வைத்து அனுப்பினார்கள். பென்னித் தபால் வந்தபிறகுதான் உறை என்ற பொருள் சாமானியர் கைக்கு வந்தது. இன்றைக்கு மறையாக்கம், குறியாக்கம் என்று பெரிய பெயர்களில் பேசுகிறோமே, அதன் தாத்தா அந்த உறைதான். அதை மூட, அரக்கு அல்லது மாவில் செய்த சின்ன ஒட்டுவில்லை. ஈரப்படுத்தி அமுக்கினால் ஒட்டிக்கொள்ளும்.

1844இல் மாஜினிக்குச் சந்தேகம் வந்தது. கடிதங்கள் தாமதமாக வருகின்றன. தாமதத்தை மறைக்க முத்திரைமேல் முத்திரை குத்தியிருக்கிறது. அவர் போலீஸுக்குப் போகவில்லை (போயிருந்தால் இன்னும் வேடிக்கையாக இருந்திருக்கும்). தனக்குக் கடிதம் எழுதச் சொல்லி நண்பர்களிடம் கேட்டுக்கொண்டார். உறைக்குள் தலைமுடி, மணல் துகள், கசகசா. அவ்வளவுதான். கடிதம் ஒழுங்காக ஒட்டப்பட்டு, முத்திரை கலையாமல் வந்து சேர்ந்தது. கசகசாவைக் காணோம்.

நம் வீட்டில் குருமாவுக்குக் கசகசா அரைக்கும்போது மேடையில் எங்கெல்லாம் சிந்துகிறது என்று பார்த்தவர்களுக்கு இந்தச் சோதனையின் அருமை புரியும். பிரித்தவன் எவ்வளவு நேர்த்தியான கைகாரனாக இருந்தாலும், தரையில் உருண்ட கசகசாவைத் திரும்பப் பொறுக்கி உள்ளே போட அவனுக்குத் தோன்றாது. (இதே கசகசாவைப் பெட்டியில் வைத்துக்கொண்டு துபாயில் இறங்கினால் சிக்கல், அங்கே தடை. இந்தச் சின்ன விதைக்கும் சோதனைக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தம்.)

பிரித்தவர்கள் உண்மையிலேயே கைகாரர்கள். லண்டன் தபால் நிலையத்துக்குள் வெளிநாட்டுக் கடிதங்களைப் பிரிக்கவென்றே ஒரு ரகசிய அலுவலகம் தலைமுறை தலைமுறையாக இயங்கிவந்தது. சங்கேதத்தில் எழுதியிருந்தால் உடைப்பதற்குத் தனிப் பிரிவு. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் எட்வர்ட் வில்லிஸ். பாதிரியார். 1716இல் அரசின் சங்கேத உடைப்பாளராகச் சேர்ந்தார், கடைசியில் பாத் அண்ட் வெல்ஸ் மறைமாவட்டத்துக்கு பிஷப்பாகவே ஆனார். பகலில் பாவமன்னிப்பு, இரவில் பிறத்தியார் கடிதம். மகன்கள், பேரன் என்று அந்த வேலை குடும்பத்தொழிலாகவே போனது. நம் ஊரில் கர்ணம் வேலை போன மாதிரி.

வியன்னாவில் இதைவிட ஜோர். அங்கிருந்த ரகசிய அறைக்குத் தூதரகங்களின் தபால் பை காலை 7 மணிக்கு வரும். மெழுகுவர்த்திச் சூட்டில் முத்திரையை இளக்கி, தாள்கள் இருந்த வரிசையைக் குறித்துக்கொண்டு, நகலெடுத்து, திரும்ப ஒட்டி, 9.30க்கெல்லாம் தபால் நிலையத்தில் சேர்த்துவிடுவார்கள். ஒருமுறை பிரிட்டிஷ் தூதருக்கு மூலக் கடிதத்துக்குப் பதிலாக நகல் வந்துசேர, அவர் அதைக் குத்திக்காட்ட, ஆஸ்திரிய அமைச்சர், ‘சே, இந்தப் பசங்களுக்கு வேலை சுத்தமில்லை’ என்கிற தோரணையில் பதில் சொன்னாராம். கதையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தத் துறையின் மனநிலை இதுதான். திருடியதற்கு வெட்கமில்லை, அரைகுறையாகத் திருடியதற்குத்தான் வெட்கம்.

1844 ஜூன் 14ஆம் தேதி மாஜினியின் மனுவைத் தாமஸ் டன்கோம்ப் என்ற தீவிரவாதக் கட்சி உறுப்பினர் பாராளுமன்றத்தில் வைத்தார். உள்துறை அமைச்சர் சர் ஜேம்ஸ் கிரஹாம் எழுந்து, வாரண்டில் கையெழுத்திட்டது உண்மைதான், சட்டம் அதற்கு அனுமதிக்கிறது, மேற்கொண்டு ஒன்றும் சொல்லமாட்டேன் என்றார். சபை கொதித்தது. நம் கல்விமுறைக்காக இன்றுவரை நம்மிடம் வசை வாங்கும் மெக்காலே அன்று சரியான பக்கத்தில் நின்றார். என் கடிதத்தைத் தபால் பையிலிருந்து எடுப்பதற்கும் என் வீட்டு மேசையிலிருந்து எடுப்பதற்கும் என்ன வித்தியாசம் என்பது அவர் வாதம். தாமஸ் கார்லைல் டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதினார்: இது பிக்பாக்கெட்டுக்குப் பக்கத்து வீடு என்ற பொருளில்.

மக்கள் இதைக் கோபத்தோடு மட்டுமல்ல, நையாண்டியோடும் எடுத்துக்கொண்டார்கள். பஞ்ச் பத்திரிகை ‘கிரஹாம் எதிர்ப்பு உறை’ என்று படம் போட்டது. கடிதம் பிரிப்பதற்கே அமைச்சரின் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது. சார்ல்ஸ் டிக்கன்ஸ் தன் நண்பருக்கு அனுப்பிய உறையின்மேல், சர் ஜேம்ஸ் கிரஹாம் இதைப் பிரித்தால் திரும்ப ஒட்டும் சிரமத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஒரு வேண்டுகோள் எழுதினார். இன்று ‘என் மொபைலை ஒட்டுக்கேட்கும் அண்ணன்களுக்கு வணக்கம்’ என்று மீம் போடுகிறவர்கள் டிக்கன்ஸின் வாரிசுகள்தான்.

ஆனால் அந்த ஜூனில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அதில் நையாண்டி இல்லை.

அத்தீலியோ, எமிலியோ பண்டியேரா என்று இரண்டு சகோதரர்கள். ஆஸ்திரியக் கடற்படைத் தளபதி ஒருவரின் பிள்ளைகள். தாங்களும் அதே கடற்படையில் அதிகாரிகளாக இருந்து, ஓடிப்போய், கோர்ஃபு தீவில் தங்கி மாஜினிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். பாராளுமன்றத்தில் மனு வைத்த இரண்டே நாளில், ஜூன் 16 அன்று, சுமார் இருபது பேரோடு கலாப்ரியா கரையில் இறங்கினார்கள். மக்கள் திரண்டு வருவார்கள் என்று நம்பிக்கை. யாரும் வரவில்லை. பிடிபட்டார்கள். ஜூலை 25 அன்று கொசென்சா அருகே சகோதரர்கள் உட்பட ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

லண்டனில் கேள்வி உடனே எழுந்தது: கடிதம் காட்டிக்கொடுத்ததா? மாஜினியின் தபாலைப் பிரிக்கச் சொல்லிக் கேட்டதே ஆஸ்திரியத் தூதர்தான். மார்ச் தொடக்கத்திலிருந்து மூன்று மாதம் பிரித்திருக்கிறார்கள். கடிதங்களின் ஓர் எழுத்தைக்கூட அந்நிய அரசிடம் கொடுக்கவில்லை என்று வெளியுறவு அமைச்சர் அபர்தீன் பிரபு சொல்லியிருந்தார். ஆகஸ்டில் வந்த விசாரணைக் குழு அறிக்கை வேறு மாதிரி சொன்னது: கடிதங்களிலிருந்து தெரிந்துகொண்ட சில தகவல்கள் அந்நிய அரசுக்குத் தரப்பட்டன, ஆனால் அந்த அரசின் கைக்கு எட்டும் யாரையும் காட்டிக்கொடுக்காத அளவில். ‘உங்கள் செய்திகளைப் பகிர்வதில்லை, பெயர் நீக்கிய விவரங்களை மட்டும் கூட்டாளிகளோடு பகிர்கிறோம்’ என்று இன்றைய செயலிகளில் ‘சம்மதம்’ பொத்தானுக்குமேல் இருக்குமே, அதே வாசனை.

உண்மையில் பண்டியேராக்களைக் கரையில் இறங்கியதும் காட்டிக்கொடுத்தது கூட வந்த ஒருவன், பொக்கேசியாம்பே. கோர்ஃபுவில் ஆஸ்திரியாவுக்குச் சொந்த ஒற்றர்களும் இருந்தார்கள். ஆகவே ஒன்பது பேரின் ரத்தத்தைக் கிரஹாமின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். மாஜினி சாகும்வரை ஒப்புக்கொண்டிருக்கமாட்டார். ஆனால் பாருங்கள், கிரஹாமால் இதை நிரூபிக்கவே முடியவில்லை. என்ன பிரித்தேன், என்ன சொன்னேன், யாரிடம் சொன்னேன் என்று வாயைத் திறந்தால் ரகசியம் போய்விடும். திறக்காவிட்டால் கொலைப்பழி. ரகசியம் என்பது பிரிக்கப்பட்டவனுக்கு மட்டும் ஆபத்து என்று பொதுவாகப் பேசுகிறோம். பிரித்தவனையும் அது அப்படியே மூலையில் உட்கார வைத்துவிட்டது.

விளைவு? ரகசிய அலுவலகம் மூடப்பட்டது. சங்கேதப் பிரிவில் கடைசியாக இருந்த வில்லிஸ் குடும்பத்தவருக்கு ஓய்வூதியம் கொடுத்து அனுப்பினார்கள். சட்டத்தை யாரும் தொடவில்லை. வாரண்டு போடும் அதிகாரம் அப்படியே இருந்தது. முனை மட்டும் கொஞ்சம் மழுங்கியது.

இதில் ஆஸ்திரியாவுக்கு ஒரு பின்குறிப்பு. 1869 அக்டோபர் 1ஆம் தேதி உலகின் முதல் அஞ்சலட்டையை வெளியிட்டது ஆஸ்திரியா-ஹங்கேரிதான். ஒன்றரை நூற்றாண்டாக மெழுகுவர்த்தி பிடித்துக் கை சலித்தவர்கள், பிரிக்கவே தேவையில்லாத கடிதத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்! (காரணம் சிக்கனம்தான், ஆனாலும் இந்தக் கிண்டலை விட மனசில்லை.) பத்து வருஷத்தில், 1879 ஜூலையில், கால் அணா விலையில் இந்தியாவுக்கும் வந்தது. நம் ஊர்களில் தபால்காரரே படித்துக் காட்டிய வஸ்து. படிக்கக்கூட வேண்டாம், ஓரத்தில் மஞ்சள் இருந்தால் கல்யாணம், கறுப்பு இருந்தால் சாவு. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வெளிக்குறியை வைத்தே விஷயத்தைத் தெரிந்துகொள்வதை இன்று மெட்டாடேட்டா என்கிறார்கள். எங்கள் தபால்காரர் அதில் டாக்டரேட் வாங்கியிருக்கலாம்.

பிரிக்கும் உரிமையையும் வெள்ளைக்காரர்கள் இங்கே சட்டமாகவே வைத்துவிட்டுப் போனார்கள். 1898ஆம் வருஷத்து அஞ்சல் சட்டம், 26ஆம் பிரிவு. 1986இல் ராஜீவ் காந்தி அரசு அதை இன்னும் அகலப்படுத்தி ஒரு மசோதா கொண்டுவந்தது. இரு அவைகளிலும் நிறைவேறி ஜனாதிபதி ஜெயில் சிங்கிடம் போனது. அவர் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. பேசாமல் வைத்துக்கொண்டார். எவ்வளவு நாளைக்குள் என்று அரசியல் சட்டம் சொல்லவில்லையே! 1987இல் பதவிக்காலம் முடிந்தபோதும் மசோதா மேசையிலேயே இருந்தது. அடுத்து வந்த நம் ஆர். வெங்கட்ராமன் 1990இல் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். பிரிக்கப்படாமலே கிடந்த கடிதம் என்றால் இந்திய வரலாற்றில் அதுதான்.

இப்போது 2023ஆம் வருஷத்துப் புதிய அஞ்சல் சட்டம். 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதன் 9ஆம் பிரிவு எந்தெந்தக் காரணங்களுக்காகத் தபாலைப் பிரிக்கலாம் என்று அடுக்குகிறது. அதில் ஒன்று, அயல்நாடுகளுடனான நட்புறவு. நம் அரசியல் சட்டத்தில் 1951 முதலே இருக்கும் சொற்றொடர்தான். புதிதாக யாரும் இட்டுக்கட்டவில்லை. ஆனாலும் அந்த இடத்தில் படிக்கும்போது ஆஸ்திரியத் தூதர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்கிற மாதிரி இருந்தது.

ஆப்பிள் கதையும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. வழக்கின் அடிப்படை விவரங்களைக்கூட மறைக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு கேட்டதை 2025 ஏப்ரலில் அங்குள்ள தீர்ப்பாயம் ஏற்கவில்லை. அது 1844ஐவிட ஒருபடி பரவாயில்லை. ஆகஸ்டில், பிரிட்டன் அந்தக் கோரிக்கையைக் கைவிட ஒப்புக்கொண்டதாக அமெரிக்க உளவுத்துறை இயக்குநர் துளசி கபார்ட் அறிவித்தார். பிரிட்டிஷ் அமைச்சர் அனுப்பிய உத்தரவைப் பற்றி அமெரிக்க அதிகாரி சொல்லித்தான் பிரிட்டிஷ்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைப் பஞ்ச் பத்திரிகை இருந்திருந்தால் சும்மா விட்டிருக்காது.

நமக்குக் கசகசா போட இடம் இருக்கிறதா என்று தேடிப்பார்த்தேன். வாட்ஸப்பில் ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் உரையாடலுக்கும் 60 இலக்கத்தில் ஒரு பாதுகாப்பு எண் உண்டு. இரண்டு போனிலும் ஒரே எண் இருந்தால் நடுவில் யாரும் உட்கார்ந்து பிரித்து ஒட்டவில்லை என்று அர்த்தம். எண் மாறினால் தெரிவிக்கும் அறிவிப்பும் உண்டு, நாமே போய் இயக்கி வைத்தால். அக்கா மகன் மென்பொருள் வேலையில் இருப்பவன், அவனிடம் காட்டினேன். “இதெல்லாம் யாரு மாமா எண்ணிட்டு இருப்பா?” என்றான். சரி, நாமாவது பார்ப்போம் என்று இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஐந்து ஐந்து இலக்கமாகப் பன்னிரண்டு வரிசை, நான் வாசிக்க அவன் சரிபார்த்தான். ஏழாவது வரிசையில் அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள்.