எழுதிக்கொண்டு போனவர்கள்

மங்கலம்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சேரிக்கு ராத்திரி நேரத்தில் வருகிற வெளியாட்கள் இரண்டே வகைதான். ஒன்று போலீஸ். இன்னொன்று ரத்தம் எடுக்க வருகிறவர்கள்.

யானைக்கால் நோயைப் பரப்பும் நுண்புழு பகலில் உடம்புக்குள்ளே ஒளிந்துகொள்ளும், ராத்திரியில்தான் மேல் ரத்தத்துக்கு வரும். அதனால் அந்த ஆய்வுக்கு ராத்திரியில்தான் ரத்தம் எடுக்க வேண்டும். இது எனக்குப் பின்னால் படித்துத் தெரிந்த சங்கதி. அப்போது எனக்கு எட்டு ஒன்பது வயசிருக்கும். சாப்பிட்டுப் படுத்த பிறகு ஒரு ஜீப் ஊர்த்தெருவைத் தாண்டி வந்து எங்கள் தெரு முனையில் நின்றது. டார்ச் லைட் வெளிச்சத்தில் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து, விரலில் குத்தி, கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைத் தடவினார்கள். பெயர், வயசு, சாதி எழுதிக்கொண்டார்கள். எதுக்கு என்று கேட்ட என் சித்தப்பாவுக்கு, "தலைவர்கிட்ட சொல்லியாச்சிப்பா, ஒக்காரு" என்று பதில் வந்தது. தலைவர் என்றால் ஊர்த்தெருவில் இருக்கும் பஞ்சாயத்துத் தலைவர். எங்கள் விரலைக் குத்துவதற்கு அவர் ஒப்புதல் கொடுத்திருந்தார்.

எங்கள் ஆயாவுக்கு இடது கால் வீங்கிக் கிடந்தது. சாகிறவரைக்கும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "குத்திக்கினு போனாங்க, எழுதிக்கினு போனாங்க. எங்க ரத்தத்துல என்னாடா இருந்துச்சின்னு ஒருத்தனாவது திரும்பி வந்து சொன்னானா?"

இந்தக் கட்டுரை ஆயாவின் அந்தக் கேள்வியைப் பற்றியது. ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நம்மைப் பற்றிய ஆய்வுக்கு யார் ஒப்புதல் தருகிறார்கள், அதன் பலன் யார் கைக்குப் போகிறது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மங்கலம்பேட்டையிலிருந்து உளுந்தூர்பேட்டை போய் அங்கிருந்து விழுப்புரம் போகிற வழியில், திருவெண்ணெய்நல்லூர் பக்கம் இருவேல்பட்டு என்று ஒரு கிராமம். சிதம்பரத்தில் படித்தபோதுதான், நான் பஸ்ஸில் கடந்துபோகும் அந்த ஊர் உலகப் பொருளாதார நூல்களில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் தன் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். அந்த ஆய்வுகள் 1918இல் நூலாக வந்தன. வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி இவற்றோடு தென்னார்க்காட்டு இருவேல்பட்டும் அதில் உண்டு. 1936-37இல் மறு ஆய்வு நடந்து, பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1940இல் அதை வெளியிட்டார்கள். 1960களில் மார்கரெட் ஹாஸ்வெல், 1980களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும், 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர். ஆக, தொண்ணூறு வருஷத்தில் ஐந்து முறை எழுதப்பட்ட ஊர் அது.

இதில் நமக்கு மதிப்பில்லாதது எதுவும் இல்லை. கலியாணத்துக்கு வாங்கிய கடனுக்காக ஒருவன் படியாளாகிறான். அந்தக் கடன் அடைபடாமல் மகன் தலையில் இறங்குகிறது. இதை ஸ்லேட்டரின் நூல் பதிவு செய்திருக்கிறது. நம் பாட்டன்மார் பட்ட பாட்டுக்கு அது அச்சில் ஏறிய சாட்சி. படியாள் முறை ஒழிந்ததையும், பெரிய நிலக்காரர்களின் பிடி தளர்ந்ததையும், சேரி மக்கள் தங்களுக்கென்று அரசியல் தேடிக்கொண்டதையும் 2008 ஆய்வு சொல்கிறது. ஆனால் 1916இல் பல்கலைக்கழகத்தில் படித்த மாணவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்திருப்பார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். சேரிக்குள் கால் வைக்காமலேயே சேரியைப் பற்றி எழுத முடிந்த காலம் அது. கேள்வித்தாளுக்கு ஊர்த்தெரு பதில் சொன்னால் போதும். எழுதி முடித்த பிறகும் எல்லாம் ஆங்கிலத்தில். படியாளின் பேரன் படித்துப் பார்க்கும்படியாக அது வரவில்லை.

இதற்கு முன்னால் நடந்த ஓர் ஆய்வு வேறு கதை. 1891இல் செங்கல்பட்டில் கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர், அந்த ஜில்லாவின் பறையர்கள் நிலைமை பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். புறம்போக்கு நிலத்துக்கு இவர்கள் மனு போட்டால் மிராசுதாரர்கள் எப்படி மறிக்கிறார்கள், குடியிருக்கும் மனைகூட எப்படி இவர்களுக்குச் சொந்தமில்லை என்பதையெல்லாம் அதில் எழுதினார். 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை வந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதன் வழி வந்ததுதான். அவர் ஒன்றும் நம் ஆள் இல்லை. வரி வசூலிக்க வந்த அதிகாரி. ஆனாலும் அந்த ஆய்வு நூலகத்தில் உறங்காமல் ஆணையாயிற்று. நூறு வருஷம் கழித்து நம் மக்கள் அந்த ஆணையைக் கையில் எடுத்துக்கொண்டு நிலத்தைக் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10ஆம் தேதி காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தது அந்த நிலத்துக்காகத்தான். ஓர் ஆய்வு நம் கைக்கு வந்து சேர்ந்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இனி மருத்துவ ஆய்வுக்கு வருகிறேன். சென்னை சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. ஐசிஎம்ஆர், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சேர்ந்து நடத்தியது. நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஆஸ்பத்திரியில் ஓய்வும் நல்ல சாப்பாடும் மருந்தும். மறு பாதிக்கு அதே மருந்து, ஆனால் தன் குடிசையில், தன் கஞ்சியோடு. ஒரு வருஷ முடிவில் இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமடைந்தன. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு அதிகமாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளிவந்த இந்த முடிவு உலகத்தின் சிகிச்சை முறையையே மாற்றியது. அதே பிரிட்டிஷ் கழகம் கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளிலும் ஆய்வுகள் நடத்தியது. காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும் என்று உலகம் அறிந்ததில் அந்தக் கிழக்கு ஆப்பிரிக்க நோயாளிகளின் உடம்புக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னைக் குடிசைவாசியும் நைரோபி ஏழையும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் மருத்துவப் புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கத்தில் இருக்கிறார்கள்.

1968இல் செங்கல்பட்டு ஜில்லாவில், இன்றைய திருவள்ளூர்ப் பக்கம், பிசிஜி தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. ஏறக்குறைய 3,60,000 பேரைப் பட்டியலிட்டார்கள். சிலருக்கு முழு அளவு, சிலருக்குப் பத்தில் ஒரு பங்கு, சிலருக்கு மருந்தே இல்லாத ஊசி. யாருக்கு எது என்பது குத்துகிறவருக்கும் தெரியாது, குத்திக்கொள்கிறவருக்கும் தெரியாது. ஆய்வு முறை அப்படி. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்று முதல் முடிவு 1979-80இல் வந்தது. பதினைந்து வருஷத் தொடர் ஆய்வின் முடிவு 1999இல் வந்தது. அதுவும் அதையேதான் சொன்னது. (பச்சைக் குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயை அது தடுப்பதால் இன்றும் போடுகிறார்கள், போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.) மனிதர்கள் மேல் நடத்தும் ஆய்வுக்கான நெறிமுறை அறிக்கையை ஐசிஎம்ஆர் முதன்முதலாக வெளியிட்டது 1980இல். அதாவது லட்சக்கணக்கான கைகளில் ஊசி ஏறி, முதல் முடிவும் வந்த சமயத்தில்.

காசநோய்க்கும் கஞ்சிக்கும் உள்ள சம்பந்தம் எந்தச் சேரிக் கிழவிக்கும் தெரியும். ஜார்க்கண்டில் 2019இல் தொடங்கி நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு 2023இல் லான்செட் இதழில் வந்தது. நோயாளியின் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள் கொடுத்ததில் அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதம் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வைத்த குடும்பங்களில் நோயாளிக்கு மட்டும் உணவு கொடுத்தார்கள், வீட்டாருக்கு இல்லை. நல்ல ஆய்வு, வேண்டிய ஆய்வு. இருந்தாலும் சோறு போட்டால் நோய் குறையும் என்பதற்கு இந்த நாட்டில் 2023 வரைக்கும் அத்தாட்சி தேவைப்பட்டிருக்கிறது என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒப்புதல் என்ற சொல் எப்படியெல்லாம் வளையும் என்பதற்கு இரண்டு உதாரணம். நைஜீரியாவின் கானோ நகரத்தில் 1996இல் மூளைக்காய்ச்சல் பரவியபோது, பைசர் கம்பெனி 200 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வில் தன் புது மருந்தைச் சோதித்தது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம் ஆய்வு முடிந்த பிறகு பழைய தேதி போட்டுத் தயாரித்தது என்பது பின்னால் வெளிவந்தது. நம் நாட்டில் 2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் (இன்று அது தெலங்கானா) பழங்குடிச் சிறுமிகள் உட்பட ஆயிரக்கணக்கானவர்களுக்கு எச்பிவி ஊசி போட்டு ஆய்வு நடந்தது. பல படிவங்களில் பெற்றோர் இடத்தில் ஹாஸ்டல் வார்டன் கையெழுத்துப் போட்டிருந்தார். ஊசி நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி. 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. ஹாஸ்டலில் படித்து வந்த நம் தோழர்களுக்கு வார்டன் கையெழுத்து என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

இன்று கென்யாவில் 2013 சட்டப்படி மருத்துவ ஆய்வுக்கு மட்டுமல்ல, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிற சமூக அறிவியல் ஆய்வுக்கும் தேசிய ஆணையத்தின் உரிமம் வேண்டும். மலாவியில் இரண்டு வகைக்கும் தனித்தனிக் குழு இருக்கிறது. நம் நாட்டில் மருந்துச் சோதனைக்கு 2019 விதிகள் இருக்கின்றன. ஆனால் கேள்வித்தாளோடு சேரிக்கு வருகிறவருக்கு நாடு தழுவிய உரிமம் எதுவும் கிடையாது. உன் சாதி என்ன, உன் கடன் எவ்வளவு, உன் பெண்ணை எங்கே கட்டிக்கொடுத்தாய் என்று யாரும் கேட்கலாம்.

இதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு முழுசாக இல்லை. படித்து முடித்துச் சும்மா இருந்த நாட்களில் தினக்கூலிக்குக் கேள்வித்தாள் நிரப்பும் வேலைக்கு நானும் போனேன். விருத்தாசலம் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்கள் இருந்த ஒரு சேரி. ஒரு வீட்டுக்கு நாற்பது நிமிஷம். ஒரு அம்மா, முந்திரிப்பால் பட்டுக் கருத்துப்போன விரலை நீட்டி, "இதயும் எழுதிக்க தம்பி" என்றார். என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. 'இதர' என்ற இடத்தில் ஒரு டிக் அடித்தேன். கிளம்பும்போது, "இது என்னா ஆச்சின்னு வந்து சொல்லுவியா?" என்று கேட்டார். சொல்றேன்மா என்றேன். போகவில்லை. அறிக்கை எப்படி வந்தது என்று எனக்கே யாரும் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் ஆயாவின் கேள்வியை இன்னொரு ஆயா என்னிடமே கேட்டும் நான் ஜீப்பில் வந்தவர்கள் மாதிரிதான் நடந்துகொண்டேன்.

வேறு மாதிரி செய்ய முடியாதா? செய்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள், உலகத்தின் மிகப் பழைய குடிகளில் ஒன்று. மானுடவியல்காரர்களும் மரபணுக்காரர்களும் அவர்களைச் சும்மா விட்டதே இல்லை. பசியைத் தணிக்க அவர்கள் மெல்லும் ஹூடியா செடிக்கு அவர்களைக் கேட்காமலேயே காப்புரிமை வாங்கினார்கள். போராடித்தான் 2003இல் பங்கு ஒப்பந்தம் பெற்றார்கள். 2017இல் அவர்களே ஆய்வாளர்களுக்கு ஒரு நெறிமுறை எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை என்பன அதன் அடிப்படை. எங்களிடம் வருமுன் எங்கள் சமூகத்தைக் கேள், எழுதியதை எங்களுக்குக் காட்டு என்பது அதன் சாரம். பேராசிரியர்கள் போட்ட விதி அல்ல, ஆராயப்பட்டவர்கள் போட்டது.

நம் கடலூரிலும் உண்டு. சிப்காட் ஆலைகளின் நாற்றத்தில் மூச்சுத் திணறிய கிராமத்து மக்கள் 2004இல் தாங்களே வாளியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த நாளில் எந்த நேரத்தில் என்ன வாடை என்று நோட்டில் எழுதி வைத்தார்கள். படித்தவர்கள் வந்து எழுதிக்கொண்டு போவதற்குக் காத்திருக்கவில்லை.

ஆகவே ஆய்வு மாணவர்களாக இருக்கும் நம் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. நம்மில் நிறையப் பேர் இன்று கேள்வித்தாளோடு சேரிக்குப் போகிற இடத்துக்கு வந்துவிட்டோம். ஊர்த்தெருத் தலைவரைக் கேட்டது சேரியைக் கேட்டதாகாது. கைநாட்டு வாங்கியது சம்மதமாகாது. பட்டம் வாங்கிய பிறகு அந்தத் தெருவுக்குத் திரும்பிப் போய், கூட்டம் போட்டு, தமிழில், கேட்டவர்களுக்குப் புரிகிற மாதிரி, நாம் என்ன எழுதினோம் என்று வாசித்துக் காட்டும்வரை ஆய்வு முடியவில்லை. தப்பு என்று அவர்கள் சொன்னால் திருத்த வேண்டும். சேரியில் இருக்கும் தோழர்களுக்கும் ஒன்று. எழுத வருகிறவரை விரட்ட வேண்டாம். யார் அனுப்பினார்கள், யார் பணம், எங்களுக்கு என்ன, எப்போது திரும்பி வருவாய் என்று நாலு கேள்வி கேட்டுவிட்டுப் பிறகு உட்காருங்கள்.

நான் அந்த முந்திரிச் சேரிக்குப் போக வேண்டும். கையில் கொண்டுபோக அறிக்கை இல்லை. இல்லை என்பதையாவது போய்ச் சொல்ல வேண்டும்.