ஸ்பூக்கி-1: மாறும் ஈர்ப்பிலும் முடுக்கத்திலும் குவாண்டம் பின்னல்

ஸ்பூக்கி-1 என்பது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் குவாண்டம் தொழில்நுட்ப மையம் உருவாக்கிய 2.6 கிலோ எடையுள்ள செயற்கைக்கோள். குவாண்டம் பின்னலில் இணைந்த ஒளித்துகள் சோடிகளைச் சுற்றுப்பாதையிலேயே உண்டாக்கி, அங்கேயே அளந்தும் காட்டியது.

பின்னலில் இணைந்த இரு துகள்களுக்கும் சேர்த்து ஒரே குவாண்டம் நிலைதான் உண்டு. அவற்றைத் தனித்தனியே அளந்தாலும் விடைகள் பழைய இயற்பியல் இடங்கொடுக்கும் அளவை மீறி ஒத்துப்போகும். பெல் சோதனை இதை ஓர் எண்ணாகத் தருகிறது. சாதாரணத் தொடர்பு என்றால் அந்த எண் 2-ஐத் தாண்டாது. குவாண்டம் விதிப்படி ஏறத்தாழ 2.83 வரை போகலாம்.

ஈர்ப்பும் முடுக்கமும் இந்த இணைப்பைக் குலைக்குமா? குவாண்டம் கோட்பாடும் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடும் இன்னும் ஒன்றாக இணையாததால் இந்தக் கேள்வி உயிரோடிருக்கிறது. முடுக்கத்தோடு செல்பவருக்கு வெற்றிடமே சற்று வெப்பமாகத் தெரியும் என்று 1976-இல் வில்லியம் உன்ரு காட்டினார். அதையொட்டி, முடுக்கத்தில் இருப்பவர் காணும் பின்னல் தேயும் என்று இவெட் ஃபுவெண்டெஸும் ராபர்ட் மானும் 2005-இல் கணக்கிட்டனர். ஆனால் அந்த வெப்பம் 1 கெல்வினை எட்டவே வினாடிக்கு வினாடி 2.5×10²⁰ மீட்டர் என்ற முடுக்கம் வேண்டும். பின்னல் சோதனைகளில் எட்டியதோ சில நூறு மீட்டர்தான். ஆகவே இன்றைய சோதனைகள் உன்ரு விளைவைத் தேடுபவை அல்ல. கோட்பாடு எதிர்பார்க்காத முறிவு எங்காவது தென்படுகிறதா என்றே அவை பார்க்கின்றன.

அப்படி நேரடியாகப் பார்த்தது வியன்னாவைச் சேர்ந்த ஓர் ஆய்வுக்குழு. ஒளிமூலத்தையும் உணரிகளையும் ஒரே பெட்டியில் பொருத்தி, அதை உயரத்திலிருந்து விழவிட்டும் மையவிலக்கு எந்திரத்தில் சுழற்றியும் அளந்தார்கள். புவியீர்ப்பு முடுக்கத்தில் நூற்றில் மூன்று பங்கு தொடங்கி அதன் 30 மடங்கு வரை, கருவியின் துல்லியத்துக்குள் பின்னல் மாறவில்லை. முடிவு 2017-இல் வெளியானது.

சிங்கப்பூர்க் குழுவின் நோக்கம் வேறு: உலகளாவிய குவாண்டம் தகவல்தொடர்புக்கு மலிவான சிறுகோள்கள். ஆயினும் அவர்களின் பாதை முழுவதும் முடுக்கச் சோதனையாகவே அமைந்துவிட்டது. முதலில் ஒரு வானிலை பலூன் அவர்களுடைய கருவியை 35.5 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனது. 2014 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்தில், அவர்களின் இன்னொரு கருவியை ஏற்றிச் சென்ற ஆண்டாரிஸ் ராக்கெட் ஏவிய சில வினாடிகளில் வெடித்துச் சிதறியது. இடிபாடுகளில் கிடைத்த ஒளிக்கருவி பழுதின்றி இயங்கியது! அது பின்னல் இல்லாத எளிய சோடிகளை உண்டாக்கும் கருவிதான். என்றாலும் படிகங்கள் இம்மி நகர்ந்தாலும் கெட்டுப்போகும் ஒளியமைப்பு அந்த அதிர்ச்சியைத் தாங்கியது பெரிய செய்தி.

அதே வகைக் கருவி அடுத்த ஆண்டு டிசம்பர் 16 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி-சி29 ஏந்திச் சென்ற கலாசியா செயற்கைக்கோளில் ஏறியது. நிலநடுக்கோட்டுக்கு 15 பாகை சாய்ந்த பாதை அது.

ஸ்பூக்கி-1 2019 ஏப்ரல் 17 அன்று, வெடிப்பு நேர்ந்த அதே வாலப்ஸ் தளத்திலிருந்து பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டது. ஜூன் 17 அன்று நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மறைந்துவிடுவதில்லை. தரையில் உள்ளதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அங்கும் உண்டு. கோள் ஓயாமல் விழுந்துகொண்டே சுற்றுவதால்தான் எடையின்மை. அந்த நிலையில் நீல-ஊதா லேசர் படிகங்களில் பாய்ந்து சோடிகளைத் தந்தது. பெல் சோதனையின் எண் 2.60, பிழை எல்லை 0.06. அலெக்சாண்டர் லிங் தலைமையிலான குழு இதை 2020-இல் வெளியிட்டது.

ஏவுதலின் உலுக்கலையும் எடையின்மையையும் கருவி கடந்ததை இந்த எண் நிறுவுகிறது. ஈர்ப்பைப் பற்றி இதற்கு மேல் அதிலிருந்து கறக்கக்கூடாது. ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரு ஒளித்துகள்களும் உணரும் ஈர்ப்பு ஒன்றே. வேறுபாட்டைச் சோதிக்க அவை வெவ்வேறு உயரத்துக்குப் பிரிய வேண்டும். 2016-இல் ஏவப்பட்ட சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோள் அதைச் செய்தது: சோடியில் ஒன்று தரையில் நிற்க, மற்றது செயற்கைக்கோளுக்கு ஏறியது. ஈர்ப்பு வேறுபாடு பின்னலைக் கலைக்கும் என்று டிமோதி ரால்ஃப் முதலியோர் முன்வைத்த மாதிரி சொன்ன கலைவு அதில் தென்படவில்லை. இம்முடிவு 2019-இல் வெளிவந்தபின், அந்த மாதிரியின் மென்மையான வடிவம் மட்டுமே சோதனைக்கு எஞ்சியது.

சுழற்சியின் கதை வேறு. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஒளியிழைச் சுருளைச் சுழலும் மேடையில் வைத்தபோது, சோடி ஒளித்துகள்கள் வந்துசேரும் நேரம் சுழற்சி வேகத்துக்கேற்ப விலகியது. சார்பியல் எதிர்பார்த்த அளவே அந்த விலகல்.