சந்தாத் திட்டப் பிரதி

சந்தாத் திட்டப் பிரதி என்பது, மாதந்தோறுமோ ஆண்டுதோறுமோ கட்டணம் வசூலிக்கும் நிறுவனங்கள் கையாளும் பில்லிங் மென்பொருளில், நடைமுறையிலுள்ள ஒரு கட்டணத் திட்டத்தை அதன் தொகை, நாணயம், வசூல் தவணை, இலவச டிரையல் நாட்கள், ஆரம்பக் கட்டணம், வரி விவரம் முதலிய சகல அம்சங்களோடும் நகலெடுத்து, வேண்டிய இடத்தில் மட்டும் திருத்தி, தனி அடையாளக் குறியீட்டுடன் வேறொரு திட்டமாக நிறுவும் செயலாகும். இதற்குரிய பொத்தானுக்குச் சில மென்பொருள்களில் ‘டூப்ளிகேட்’ என்றும் சிலவற்றில் ‘குளோன்’ என்றும் பெயர்; பொத்தானே இல்லாதவற்றில் ஊழியர் பழைய திட்டத்தைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வேண்டியதுதான்.

விலை உயர்ந்தால் பழைய திட்டத்திலேயே தொகையை மாற்றிவிட்டால் என்ன, பிரதி எதற்கு என்று கேட்பது நியாயமே. ஆண்டுச் சந்தா செலுத்திய வாசகரிடம், நடுவில் பத்திரிகை விலை உயர்ந்தது என்பதற்காக மிச்ச இதழ்களுக்கு மேல்தொகை கேட்பது எந்த மேனேஜருக்கும் தோன்றாது. அந்த வழக்கத்திற்குள் அடங்கியிருந்த ஒப்பந்தமே இங்கே மென்பொருளின் விதியாக எழுதப்பட்டிருக்கிறது. அயர்லாந்தைச் சேர்ந்த காலிசன் சகோதரர்கள் 2010இல் தொடங்கிய ஸ்ட்ரைப் நிறுவனத்தின் பில்லிங் முறையில், ஒரு விலை உண்டாக்கப்பட்டபின் அதன் தொகையைத் திருத்த இயலாது. புது விலையைத் தனியே உண்டாக்கிவிட்டு, பழையதைப் புதிய வாடிக்கையாளர் கண்ணில் படாதபடி ‘ஆர்க்கைவ்’ செய்துவைக்க வேண்டும். ஆகவே பிரதி என்பது சோம்பேறியின் குறுக்குவழி அன்று. மூலத்தைத் தொடாமல் காப்பதே அதன் பிரதான பயன்.

இதற்குப் பிரசித்தமான உதாரணம் நெட்பிளிக்ஸ். 2014 மே மாதம் அந்நிறுவனம் அமெரிக்காவில் புதிய சந்தாதாரருக்கான கட்டணத்தை 7.99 டாலரிலிருந்து 8.99 டாலராக உயர்த்தியபோது, பழையவர்களுக்கு இரண்டு ஆண்டு வரையில் முந்திய விலையே செல்லும் என்று வாக்களித்தது; ஆகவே ஒரே சேவைக்கு இரண்டு விலைகள் ஒரே காலத்தில் வழங்கின. அவ்வாக்கின் கெடு முடிந்து 2016இல் பழையவர்களையும் புது விலைக்கு மாற்றத் தொடங்கிய காலாண்டில், 25 லட்சம் புதிய சந்தாதாரர் சேருவர் என எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் சுமார் 17 லட்சம் பேரே கூடினர். பழையவர்களைப் பழைய ஷரத்திலேயே விட்டுவைக்கும் இவ்வழக்கத்திற்கு ஆங்கிலத்தில் ‘கிராண்ட்ஃபாதரிங்’ என்று பாட்டனார் பெயர் வைத்திருக்கிறார்கள். பாட்டனார் ஓட்டுரிமை பெற்றிருந்தவரெனில் பேரனுக்குப் புது நிபந்தனைகள் இல்லை என்று, கறுப்பின மக்களை விலக்கிவைக்கும் உத்தேசத்தோடு அமெரிக்கத் தென்மாநிலங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செய்த சட்டங்களிலிருந்து பிறந்த சொல் அது. அச்சட்டங்களை 1915இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதவையாக்கியது, சொல் மட்டும் வியாபாரத்தில் தங்கிவிட்டது.

பிரதிகள் பெருகுவதற்கு மற்றொரு காரணம் வெறும் கணக்கே. மூன்று திட்டங்களை மாதம், ஆண்டு என இருவகைத் தவணையிலும் நான்கு நாணயங்களிலும் விற்பவர், ஒவ்வொன்றையும் தனித் திட்டமாக வைத்தால் இருபத்துநான்கு திட்டங்கள் வேண்டும். இத்தொல்லையைக் கண்டே, சென்னையில் 2011இல் தோன்றிய சார்ஜ்பீ போன்ற நிறுவனங்கள், திட்டம் ஒன்றாகவும் அதன்கீழ் தவணைக்கும் நாணயத்திற்கும் ஏற்ற விலைகள் பலவாகவும் இருக்கும்படி தங்கள் அமைப்பைப் பிற்காலத்தில் பிரித்து வகுத்தன. இவ்வேற்பாடு இருக்கும் இடத்திலும் பழக்கதோஷத்தால் முழுத் திட்டத்தையே பிரதி எடுத்துக் குவிப்போர் உளர். ‘பிரீமியம் புதிது’, ‘பிரீமியம் புதிது 2’, ‘பிரீமியம் இறுதி’ என்ற வரிசையைப் பார்க்கும் கணக்காளர், எது விற்பனையில் இருப்பது என்று அறியாமல் திகைப்பது சகஜம்.

பிரதியோடு எது வரும், எது வராது என்பதை அறியாமல் பொத்தானை அழுத்துவதே பிழைகளுக்கு மூலம். டிரையல் நாட்களும் ஆரம்பக் கட்டணமும் சப்தமின்றிக் கூடவே வந்துவிடும். மூலத் திட்டத்தின் குறியீட்டோடு பிணைக்கப்பட்ட தள்ளுபடிக் கூப்பன்கள் பெரும்பாலும் வாரா. சந்தாதாரர்கள் ஒருபோதும் தாமாக இடம்பெயரார். நாணயத்தை மாற்றும்போது மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். பல மென்பொருள்கள் தொகையை நாணயத்தின் மிகச் சிறிய அலகில் எழுதிவைப்பதால் 20 டாலர் என்பது 2000 சென்ட்டாக நிற்கும். பைசாவுக்கு நிகரான சில்லறை வழக்கில் இல்லாத ஜப்பானிய யென்னில் அதே எண் 2000 யென் ஆகும், ஆயிரம் பில்ஸ் கொண்ட குவைத் தினாரிலோ இரண்டே தினார்.

இந்தியாவில் மற்றொரு கட்டு உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கார்டிலிருந்து தானாகவே தொடர்ந்து பணம் எடுக்கும் ஏற்பாட்டில், எடுப்பதற்கு 24 மணி நேரத்திற்கு முன்பே வாடிக்கையாளருக்கு அறிவிப்புச் செல்ல வேண்டும். 2022 ஜூன் முதல், சாதாரணமாக 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஒவ்வொரு வசூலுக்கும் ஓடிபி போன்ற கூடுதல் உறுதிப்பாடும் தேவை. பழைய சந்தாதாரரைத் தொகை கூடிய பிரதிக்கு மாற்றுகையில், அவர் முன்பு சம்மதித்த உச்ச வரம்பை அது தாண்டுமாயின், மென்பொருளில் மாற்றம் நிகழ்ந்தாலும் வங்கியில் பணம் நகராது. புதிய சம்மதம் பெற்றே தீர வேண்டும்.

கடைசிச் சந்தாதாரரும் விலகிய பின்னரும் மூலத் திட்டத்தை அழித்துவிடுதல் உசிதமன்று, அதன்பேரில் எழுதப்பட்ட இன்வாய்ஸ்கள் அதையே சுட்டிக்கொண்டிருக்கும். சரக்கு சேவை வரிச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி அக்கணக்குகளை, அந்தந்த ஆண்டின் வருடாந்திர அறிக்கைக்குரிய கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும்.