தச்சுப் பட்டறையும் அறுவை அரங்கும்

பினாங்கு மாணவர்களுக்கு ஜெரெஜாக் தீவு தெரியும். ஒரு காலத்தில் தொழுநோயாளர்களை ஒதுக்கி வைத்த தீவு அது. அந்த நோய் மடக்கிப்போட்ட விரல்களை நிமிர்த்திக் காட்டியவர்களுள் முன்னோடி, டாக்டர் பால் பிராண்ட்.

1914-இல் ஓர் ஆங்கிலேய மிஷனரி குடும்பத்தில் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்து போனார். முதலில் கற்றது தச்சும் கட்டட வேலையும்; மருத்துவம் அப்புறம்தான். லண்டனில் அறுவை மருத்துவராகி, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி விழும் என்றே அன்று பலரும் நம்பினார்கள். நரம்பு மரத்து வலி தெரியாததால்தான், சூடும் காயமும் பட்டு விரல்கள் தேய்கின்றன என்று பிராண்ட் விளக்கினார். நல்ல நிலையில் உள்ள தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தி, செயலிழந்த விரல்களை இயங்க வைத்தார். மூக்கையும் புருவத்தையும்கூட சீரமைத்தார்.

ஆனா, கை நேரானவருக்குப் பிச்சையும் விழல, வேலையும் கிடைக்கல. அதனால் அவர்கள் தங்கித் தொழில் கற்க ஒரு சிறு குடியிருப்பு வேலூரில் எழுந்தது. பிராண்ட் இளமையில் கற்ற தச்சு அங்கேதான் கைகொடுத்தது.

'கைகொடுத்தல்' என்ற மரபுத்தொடரை வகுப்பில் நடத்தும்போது, இந்த வரலாற்றையும் சொல்லிப் பாருங்கள், ஆசிரியர்களே.