பீரங்கி வார்த்தவர் கொடுத்த விசுவாசம்

ஜூபிலி ஆண்டில் பங்கின் பழைய வரலாற்றைப் புரட்டும்போது குருக்களின் பெயர்களே வரிசையாக வருகின்றன. யார் கோவில் கட்டினார், யார் மணி வாங்கினார் என்று எழுதி வைத்திருக்கிறோம். விசுவாசம் வீட்டுக்கு வீடு எப்படிப் போயிற்று என்பதை மட்டும் எவரும் எழுதவில்லை. "வேதம் சொல்ல சாமியார் இருக்கிறார், உபதேசியார் இருக்கிறார், நமக்கென்ன?" என்று நம்மில் பலர் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ!

புனித சவேரியார் 1544ஆம் ஆண்டின் கடைசியில் நம் கடற்கரை ஊர்களில் ஒரே மாதத்தில் பதினாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்தார். அடுத்த மாதம் அவர் இங்கே இல்லை. ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை வைத்துவிட்டுப் போனார். அதற்கு முன் முத்துக்குளித்துறையில், செபம் படித்த சிறுவர்களையே வீடுகளுக்கும் நோயாளிகளிடமும் அனுப்பியவர் அவர். குருவானவர் போன பிறகு விசுவாசத்தைக் காத்தவர்கள் இவர்கள்தாம்.

ஆனால் நம் நாஞ்சில் நாட்டுக்கென்றே ஒரு பெரிய சாட்சி உண்டு. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டபிள்ளை மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் அரண்மனை அலுவலர். 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப்படைத் தளபதி டிலனாய், பின்பு அதே மன்னருக்குப் படை பழக்கி, உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தி, பீரங்கி வார்த்துக் கொடுத்தார். கோட்டை வேலையில் இருவரும் பழகினார்கள். குடும்பத்தில் அடுத்தடுத்து நட்டம் வந்து நீலகண்டபிள்ளை மனமுடைந்திருந்த நாளில், டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. துயரப்பட்ட நண்பனிடம் தமக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னார். அவ்வளவே.

சேசு சபை புத்தாரி சுவாமி 1745 மே 14இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குக் கொடுத்துத் தேவசகாயம் என்று பெயரிட்டபோது, விதைப்பு முன்பே முடிந்திருந்தது. தேவசகாயமும் தாம் பெற்றதை முதலில் தம் மனைவி பார்கவியம்மாளுக்கே சொன்னார். அந்த அம்மாள் ஞானப்பூ ஆனார்.

பின் நடந்ததை நாம் அறிவோம். 1749இல் கைது, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக ஊர்வலம், பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைப்பு. அங்கேயும் தம்மைக் காண வந்தவர்களிடம் அவர் பேசாமல் இல்லை. 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டார். கோட்டாற்றில் அடக்கம் செய்யப்பட்ட அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே 15இல் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவரே.

நம்மை நெடுநாளாக உறுத்துவது வேறொன்று. சொன்னவர் பிழைத்தார், கேட்டவர் மாண்டார். டிலனாய் அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகள் அதே அரசின் படைத்தலைவராய் இருந்து 1777இல் காலமானார். காற்றாடிமலைச் செய்தி உதயகிரிக்கு எட்டியபோது அவர் மனம் என்ன பாடுபட்டதோ! விசுவாசத்தைப் பகிர்வது இலேசான பேச்சல்ல என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு கிறிஸ்தவனின் அழைத்தலும் இயல்பிலேயே திருத்தூதுப் பணிக்கான அழைத்தல் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் சொன்னதை நாம் பிரசங்கத்தில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தேவசகாயம் எல்லாச் சாதியாரோடும் ஒன்றாய்ப் பழகி அதற்காகவும் பகை தேடிக்கொண்டவர். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பிற்காலத்துக் கோவிலுக்குள் சாதிக்கொரு பக்கம் என்று சுவர் நின்றது. 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அயலாருக்கு எந்தக் கிறிஸ்துவைச் சொல்லியிருப்பார்கள்?

காற்றாடிமலைக்குப் போகும் நம் திருப்பயணப் பேருந்து இதுவரை உதயகிரியில் நின்றதில்லை. கோட்டைக்குள் டிலனாய் கல்லறை இருக்கிறது. தமிழிலும் இலத்தீனிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. இவ்வாண்டு அரைமணி நேரம் அங்கே நிறுத்தும்படி ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறோம்.