ஏறாத அழுத்தத்தின் வரலாறு: கர்ப்பகால ரத்த நாளங்களும் ஆஞ்சியோடென்சினும்

கருவுற்ற பெண்ணின் உடலில் ரத்த அழுத்தத்தை ஏற்றவல்ல ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் மூன்றும் வழக்கத்தைவிடப் பெருகியிருக்கின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. இதயம் நிமிடந்தோறும் வெளித்தள்ளும் ரத்தமும் 30 முதல் 50 விழுக்காடு மிகுகிறது. கணக்குப்படி அழுத்தம் உயர வேண்டும். இயல்பான கர்ப்பத்தில் நடப்பதோ வேறு: முதல் மாதங்களிலேயே அது சற்று இறங்கி, கடைசி மாதங்களில்தான் பழைய நிலைக்குத் திரும்புகிறது. மருத்துவம் நெடுங்காலம் ஏறிய அழுத்தத்தை மட்டுமே ஆராய்ந்தது. இயல்பான கர்ப்பத்தில் அது ஏன் ஏறாமல் இருக்கிறது என்று கேட்ட பிறகே, பிரீஎக்லாம்ப்சியா எனும் கர்ப்பகால உயர் அழுத்த நோயும் விளங்கத் தொடங்கியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

நோயின் பக்கத்து வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1843-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ஜான் லீவர், வலிப்பு கண்ட கர்ப்பிணிகளின் சிறுநீரில் புரதம் இருப்பதைக் கண்டார். 1896-இல் இத்தாலியர் ரிவா-ரோச்சி, மேற்கையில் பட்டை கட்டி அழுத்தம் அளக்கும் கருவியை அறிமுகப்படுத்தினார். 1898-இல் டைகர்ஸ்டெட்டும் பெர்க்மானும் முயலின் சிறுநீரகச் சாற்றில் ரெனினைக் கண்டறிந்தனர். புவெனஸ் ஐரிஸ், இண்டியானாபொலிஸ் நகரங்களின் இரு குழுக்கள் 1940 வாக்கில் தனித்தனியே ஆஞ்சியோடென்சினை எட்டின.

அழுத்தம் இறங்குவதற்கு முதலில் நஞ்சுக்கொடியே காரணமாகச் சொல்லப்பட்டது. தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எளிதில் பாயும் குறுக்குவழி போல அது இயங்குகிறது என்று 1938-இல் சிட்னி பர்வெல் எழுதினார். நல்ல விளக்கம்தான், ஆனால் போதாது. 1998-இல் ஆர்லீன் சாப்மன் குழுவினர் பெண்களைக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தொடர்ந்து அளந்தபோது, ஆறாவது வாரத்திலேயே அழுத்தம் இறங்கியிருந்தது. நஞ்சுக்கொடியின் ரத்த ஓட்டம் அப்போது முழுமை பெற்றிருப்பதில்லை. ஆகவே, தாயின் ரத்த நாளங்கள் உடலெங்கும் தளர்ந்திருக்க வேண்டும்.

அந்தத் தளர்ச்சியின் தடயம் முன்பே கிடைத்திருந்தது. 1961-இல் அப்துல்-கரீம், அசாலி இருவரும் கர்ப்பிணிகளுக்கும் மற்றப் பெண்களுக்கும் ஆஞ்சியோடென்சினைச் செலுத்தி ஒப்பிட்டனர். கர்ப்பிணிகளின் அழுத்தம் குறைவாகவே ஏறியது. இதை முழு ஆய்வாக வளர்த்தவர் டல்லஸ் நகரின் நார்மன் கான்ட். முதல் கர்ப்பத்தில் இருந்த 192 இளம்பெண்களை அவரது குழு கர்ப்பகாலம் நெடுகப் பின்தொடர்ந்தது. கீழ் அழுத்தத்தை 20 மி.மீ. உயர்த்த எவ்வளவு ஆஞ்சியோடென்சின் வேண்டும் என்பதே அவர்களின் அளவுகோல். 1973-இல் முடிவுகள் வெளியாயின. பத்தாவது வாரத்திலேயே எல்லாருடைய நாளங்களும் ஆஞ்சியோடென்சினுக்கு எளிதில் இணங்காத நிலையை அடைந்திருந்தன. பின்னாளில் உயர் அழுத்தத்துக்கு ஆளான 72 பேர் மட்டும் அந்த எதிர்ப்பைப் படிப்படியாக இழந்தனர். அழுத்தம் ஏறுவதற்குப் பல வாரங்கள் முன்னதாகவே இழப்பு தொடங்கிவிட்டது.

இந்த முடிவின் கனம் பெரிது. அதுவரை பேறுகாலத்தின் இறுதியில் திடீரெனத் தாக்குவதாக எண்ணப்பட்ட நோய், வெளியே தெரியாமல் பல வாரங்கள் வளர்கிறது என்பதற்கு அளந்து காட்டிய சான்று இது. பதின்பருவத் தாய்மாரின் சிரைகளில் அழுத்தம் ஏற்றும் பொருளைத் திரும்பத் திரும்பச் செலுத்திப் பெற்ற அறிவு இது என்பதையும் சொல்லியாக வேண்டும். நமக்குக் கிடைத்த பயனுக்காக அவர்கள் பட்டதை மறக்கலாகாது.

புராஸ்டகிளாண்டின் உருவாவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் இண்டோமெதசினும் கர்ப்பிணிகளின் இந்த எதிர்ப்பைக் குறைப்பதை 1978-இல் அதே டல்லஸ் குழு காட்டியது. நாளச்சுவரில் சுரக்கும் புராஸ்டகிளாண்டின்களே காவல் என்ற கருத்து அதனால் வலுப்பெற்றது. அளவு குறைந்தபோதோ ஆஸ்பிரின் நேர்மாறாக உதவியது. சிறிய அளவு, நாளத்தை இறுக்கும் திராம்பாக்சேனை மட்டுமே பெரிதும் அடக்குகிறது. 1986-இல் ராட்டர்டாமின் வாலன்பர்க், ஆஞ்சியோடென்சின் சோதனையால் தேர்ந்தெடுத்த 46 பெண்களில் பாதிப்பேருக்கு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் கொடுத்து நல்ல பலன் கண்டார். 9,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 1994-ஆம் ஆண்டின் கிளாஸ்ப் ஆய்வு அந்த நம்பிக்கையைத் தளர்த்தியது. ஆபத்து மிக்கவர்களை முதல் மூன்று மாதங்களிலேயே கண்டறிந்து 150 மில்லிகிராம் கொடுத்த 2017-இன் ஆஸ்ப்ரீ ஆய்வில், 37 வாரங்களுக்கு முன் பிரசவிக்க நேரும் பிரீஎக்லாம்ப்சியா 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6 விழுக்காடாகக் குறைந்தது. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பவை மருந்தைப் போலவே முக்கியம் என்பதை இது நிறுவியது.

எதிர்ப்பை அழிப்பது எது? 2003-இல் பாஸ்டனில் ஷாரன் மேனார்ட், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற அனந்த் கருமஞ்சி உள்ளிட்டோர் ஒரு விடையை முன்வைத்தனர். நோயுற்ற நஞ்சுக்கொடி எஸ்-ஃபிளிட்-1 என்ற புரதத்தை மிகையாக ரத்தத்தில் கலக்கிறது. நாளங்களின் உட்சுவரைப் பேணும் வளர்ச்சிக் காரணிகளை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதமும் வந்தது.

ஆஞ்சியோடென்சின் எதிர்ப்பு, எஸ்-ஃபிளிட்-1 ஆகிய இவ்விரு தடங்களும் 2016-இல் சந்தித்தன. கருமஞ்சியின் குழு கருவுற்ற சுண்டெலிகளில் எஸ்-ஃபிளிட்-1 அளவை உயர்த்தியபோது, நாளங்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு உட்சுவரில் உருவாவது தடைப்பட்டது. முன்பு எதிர்த்து நின்ற நாளங்கள் சிறிதளவு ஆஞ்சியோடென்சினுக்கே இறுகின.